மதுரையிலிருந்து விமானம்: தூரம், நேரம், வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடும் முறை

மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து முதல் தடவை விமானம் ஏறப் போகிறவர்கள் இணையத்தில் முதலில் தேடுவது இதைத்தான்: இங்கிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? பதில் உடனே வந்துவிடும். 416 கி.மீ., ஒரு மணி நேரம். சரி, காலை 10 மணிக்குக் கிண்டியில் இன்டர்வியூ என்றால் 8 மணி விமானம் போதும், 9 மணிக்கு இறங்கிவிடலாம், டீ குடித்துவிட்டே போகலாம் என்று கணக்குப் போட்டு டிக்கெட்டும் எடுத்துவிடுகிறார்கள். அந்த விமானம் நிமிடம் பிசகாமல் போனாலும் இன்டர்வியூவுக்குத் தாமதம்தான், ஏன் என்று கீழே பார்க்கலாம்.

416 என்பதும் ஒரு மணி நேரம் என்பதும் தப்பான எண்கள் கிடையாது. ஆனால் அவை ஒரு ரன்வேக்கும் இன்னொரு ரன்வேக்கும் நடுவில் உள்ள கணக்கு. உங்கள் வீடு கே.கே. நகரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கிறது, ரன்வேயில் இல்லை. அதனால் இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது, அதன் மேல் எதையெல்லாம் கூட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். பேப்பரும் பேனாவும் போதும், பெரிய கணக்கு எதுவும் இல்லை.

முதலில் விமான நிலையக் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். சென்னைக்கு எம்.ஏ.ஏ., மெட்ராஸ் காலத்தில் வைத்தது அப்படியே நிற்கிறது. ரயிலில் போய்ப் பழகியவர்கள் மதுரைக்கு எம்.டி.யூ. என்று அடிப்பார்கள், ஸ்டேஷன் குறியீடு அதுதானே. விமானக் கணக்கில் எம்.டி.யூ. என்றால் பப்புவா நியூ கினியாவில் இருக்கும் மெண்டி என்ற ஊர். தூரம் ஆயிரக்கணக்கில் வந்தால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட அதிகம் குழப்புவது 'டி'யில் தொடங்கும் கூட்டம். டி.ஆர்.இசட். என்றால் திருச்சி. டி.சி.ஆர். என்றால் தூத்துக்குடி. டி.ஆர்.வி. என்றால் திருவனந்தபுரம். திருச்சி என்று நினைத்துக்கொண்டு டி.சி.ஆர். போட்டால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் போய் இறங்க வேண்டியதுதான். குறியீட்டைப் பார்த்தபின் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, பெருங்குடிப் பக்கம் இருக்கும் மதுரை விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அப்படியே மீனம்பாக்கத்தில் போய் இன்னொரு கிளிக். 416 வரும், ரன்வேயில் எந்த முனையைத் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும். போனில் என்றால் விரலை அழுத்திப் பிடித்து ஒரு புள்ளி வைத்தபின் அதே வசதியைத் தேடலாம்.

சில தளங்களில் 416 என்றும் சிலவற்றில் 420-க்கு மேலும் இருப்பதற்குக் காரணம், சிலர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கிறார்கள், சிலர் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளக்கிறார்கள். அப்புறம் அலகு. 258 என்று எங்காவது பார்த்தால் அது மைல், 225 என்று பார்த்தால் அது கடல் மைல். விமானக்காரர்கள் கடல் மைலில்தான் பேசுவார்கள், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மூன்றும் ஒரே தூரம்தான்.

இந்தக் கோட்டை மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மதுரை – சென்னைக் கோடு நூல் பிடித்த மாதிரி திருச்சி விமான நிலையத்துக்கு மேலேயே போகிறது. அப்புறம் விழுப்புரம், செங்கல்பட்டு. கிட்டத்தட்ட நம்ம ரயில் பாதைதான்! ரயில் திண்டுக்கல்லுக்கு ஒரு சுற்று போய்த் திரும்புகிறது, விருத்தாசலம் பக்கம் கொஞ்சம் விலகுகிறது, கடைசியில் மீனம்பாக்கத்தைத் தாண்டி எழும்பூர் வரை போகிறது, அதனால் ரயிலுக்கு 490 கி.மீ. சொச்சம். சாலையில் 460 பக்கம் வரும். ஆக விமானம் மிச்சப்படுத்துவது தூரத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, வேகத்தில்தான்.

நிஜ விமானம் இந்தக் கோட்டில் அச்சுப் பிசகாமல் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை ரன்வே கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்றைப் பார்த்து ஏதாவது ஒரு பக்கம் ஏறி, அப்புறம்தான் வடகிழக்காகத் திரும்ப முடியும். சென்னையிலும் எந்தப் பக்கமிருந்து இறங்கச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் சுற்றி வர வேண்டும். எனவே பறக்கும் தூரம் எப்போதும் 416-ஐ விடக் கூடத்தான் இருக்கும்.

இணையம் சொல்லும் நேரம் எங்கிருந்து வருகிறது

தூரம் காட்டும் பல தளங்கள் விமான அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிப் போட்டுவிடுகின்றன, அவ்வளவுதான். 416-ஐ 800-ஆல் வகுத்தால் 31 நிமிடம், கூட 30, மொத்தம் ஒரு மணி ஒரு நிமிடம். அந்த 'ஒரு மணி நேரம்' இப்படிப் பிறந்ததுதான்.

இதே சூத்திரத்தில் மதுரை – தூத்துக்குடி போட்டுப் பாருங்கள். 123 கி.மீ., நேரம் 39 நிமிடம் என்று காட்டும். படித்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பயணிகள் விமானம் ஓடுவதில்லை. தளத்துக்கு அது தெரியாது, அதற்குத் தேவையும் இல்லை. உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தைக் கொடுத்துவிடும். அதனால் நேரத்தைப் பார்த்ததும் அடுத்து கேட்க வேண்டியது: நேரடி விமானம் இருக்கிறதா?

இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 175 கி.மீ.தான். டிக்கெட் தளத்தில் தேடினால் சென்னை வழியாக மாறிப் போகிற பயணத்தைக் காட்டும். முதலில் வடகிழக்கே 416, அங்கே இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்ப மேற்கே 400. பகல் பாதி போய்விடும், பணமும் போய்விடும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியவர் அதற்குள் சிங்காநல்லூரில் காபி குடித்து முடித்திருப்பார். தமிழ்நாட்டுக்குள் மதுரையிலிருந்து விமானத்துக்கு அர்த்தம் இருப்பது சென்னைக்கு மட்டும்தான் என்பது என் கருத்து.

எந்த விமானம் என்று பாருங்கள்

இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் நேரத்தை மாற்றுவது இதுதான். மதுரை – சென்னை மாதிரிக் குறைந்த தூரத் தடங்களில் இரண்டு வகை ஓடும். ஒன்று ஏர்பஸ் ஏ320 மாதிரி ஜெட், 180 பேருக்கு மேல் உட்காரலாம், உயரத்தில் மணிக்கு 800-க்கு மேல் போகும். இன்னொன்று ஏ.டி.ஆர். 72, இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம், எழுபது எண்பது பேர், மணிக்கு 500 பக்கம்தான் வேகம். டிக்கெட் எடுக்கும்போதே விமான எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வகை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஏ.டி.ஆருக்கு நீங்களே கணக்குப் போடலாம். 416-ஐ 500-ஆல் வகுத்தால் 50 நிமிடம். கூட அரை மணி. ஒரு மணி இருபது நிமிடம் வந்துவிட்டது, அட்டவணையில் இன்னும் ஐந்து பத்து நிமிடம் கூடவே போடுவார்கள். ஜெட்டுக்கு ஒரு மணி ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி வரை போட்டிருக்கும்.

ஏ.டி.ஆரைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், அது நல்ல விமானம், குறைந்த தூரத்துக்கென்றே செய்தது. 25,000 அடிக்கு மேல் போகாது என்பதால் மேகமில்லாத நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் திருச்சிக்கு மேலே காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து போவதும், நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பதும் தெரியும். ஒரே சங்கடம், மழைக்காலத்தில் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க முடியாது, கொஞ்சம் ஆட்டிவிடும். இன்னொன்று, ஏறுகிற வாசல் பின்பக்கம். சீக்கிரம் இறங்க வேண்டும் என்று காசு கொடுத்து முன்வரிசை வாங்கினால் கடைசியில்தான் இறங்குவீர்கள். மேலே பை வைக்கும் இடமும் சின்னது. கைப்பை 7 கிலோ என்பதோடு அளவையும் பாருங்கள், பெரிய டிராலியை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எதிலிருந்து எது வரை

டிக்கெட்டில் 7.30 – 8.45 என்றிருந்தால், 7.30 என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் இல்லை, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். 8.45 என்பது சென்னையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். நடுவில் ரன்வே வரை உருண்டு போவது, வரிசையில் நிற்பது, சென்னைக்கு மேலே இடம் கிடைக்கச் சுற்றுவது எல்லாம் அடக்கம். வானத்தில் இருப்பது ஜெட் என்றால் முக்கால் மணி, ஐம்பது நிமிடம்தான்.

அதனால்தான் சில நாள் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கேப்டன் வேகமாக ஓட்டினார் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். அட்டவணையிலேயே கொஞ்சம் தாராளமாக நேரம் வைத்திருந்தார்கள், அன்றைக்குச் சென்னையில் கூட்டம் இல்லை, அதுதான் விஷயம்.

உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமா, ஃபிளைட்ராடார்24 மாதிரித் தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுப் போன வாரம் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட அது நேர்மையான பதில். தினமும் இருபது நிமிடம் தாமதமாகப் போகிற விமானம் உங்களுக்காக மட்டும் சீக்கிரம் போகாது.

இனி வீட்டு வாசலிலிருந்து கூட்டுங்கள்

இதுதான் முக்கியமான இடம். கே.கே. நகரில் இருக்கிறீர்கள், சென்னையில் தி.நகர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு 45 நிமிடம். அங்கே ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள், கேட்டை 25 நிமிடம் இருக்கும்போது மூடுவார்கள். முதல் தடவை என்றால் வாசலில் அடையாள அட்டை, டிக்கெட் காட்டுவது, பெட்டி போடுவது, பாதுகாப்புச் சோதனை என்று எங்கே எதற்கு நிற்கிறோம் என்று புரியவே நேரம் ஆகும். அடுத்து விமானம் ஒன்றேகால் மணி. இறங்கி, பெல்ட்டில் பெட்டி வருவதற்கு நின்று, வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து தி.நகருக்கு 45 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்.

ரயிலுக்கும் அதே மாதிரிப் போடுங்கள். வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கு 25 நிமிடம், 20 நிமிடம் முன்னால் இருந்தால் போதும், வந்தே பாரத், தேஜஸ் இரண்டும் ஆறு மணி நேரத்தைச் சுற்றித்தான் எடுத்துக்கொள்கின்றன, எழும்பூரிலிருந்து தி.நகருக்கு 35 நிமிடம். மொத்தம் 7 மணி 20 நிமிடம். ஆக விமானத்தில் மிச்சம் இரண்டே கால் மணி நேரம் சொச்சம். ஒரு மணி எதிரே ஆறு மணி என்று மனதில் போட்டு வைத்திருந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அந்த இரண்டே கால் மணிக்கு எத்தனை ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பது உங்கள் பாடு. ராத்திரி பாண்டியனில் படுத்தால் விடியற்காலை எழும்பூர், அந்த நேரம் தூங்குகிற நேரம்தானே, அதைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாக்குவாதம் நடக்கும். எனக்குக் கேட்டால், அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்ப வேண்டியிருந்தால் விமானம், மற்றபடி ரயில்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் போகிறவர்கள் எழும்பூர் வரை கணக்குப் போட வேண்டாம், ரயில்கள் தாம்பரத்திலேயே நிற்கின்றன. அதே சமயம் விமான நிலையமும் அவர்களுக்குப் பக்கம்தான். அண்ணா நகர், பெரம்பூர் என்றால் மீனம்பாக்கத்திலிருந்து நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மெட்ரோ இருக்கிறது, விமான நிலையத்திலிருந்தே ஏறலாம், எழும்பூர் போக ஆலந்தூரில் மாறினால் ஆயிற்று. கையில் பெட்டி குறைவாக இருந்தால் டாக்சியைவிட அதுவே நிதானம். எதிரே திரிசூலத்தில் மின்சார ரயிலும் இருக்கிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கிளம்பும் நேரத்திலிருந்து முன்னால் கூட்டினால் மனது எப்போதும் கொஞ்சம் குறைத்தே கூட்டும். போய்ச் சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னால் கழித்து வாருங்கள். முதலில் சொன்ன கிண்டி இன்டர்வியூவையே எடுங்கள். 10 மணிக்கு வேலை என்றால் 9.15-க்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், அப்போதுதான் மெட்ரோவுக்கு நடந்து, கிண்டியில் இறங்கி, ஆபீஸ் வாசலைத் தேடிப் போக முடியும். அதற்கு 8.45-க்கு விமானம் வந்து நின்றிருக்க வேண்டும். அதற்கு 7.30-க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு 5.45-க்கு மதுரை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு 5 மணிக்குக் கே.கே. நகரில் வண்டியில் உட்கார வேண்டும். எழுந்து குளிக்க வேண்டியது வேறு.

8 மணி விமானம் எடுத்தவருக்கு என்ன ஆகும்? 9.15-க்கு வந்து நிற்கும், 9.45-க்கு வெளியே, கிண்டியில் ஆபீஸ் வாசலுக்கு 10.30, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். 7.30-க்கோ அதற்கு முன்னாலோ கிளம்பும் விமானம் உங்கள் தேதியில் இல்லையென்றால் முந்தின நாளே போய்விடுங்கள், அதைத் தவிர வழியில்லை.

ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு

நகரத்துக்குள் வராமல் ரிங் ரோட்டைப் பிடிப்பதுதான் சூட்சுமம். மாட்டுத்தாவணி, மேலூர்ப் பக்கமிருந்து விரகனூர் வழியாக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டேலா நகர் வந்துவிடலாம். அருப்புக்கோட்டைக்காரர்களுக்குக் காரியாபட்டி வழி நேராக அங்கேயே கொண்டுவந்து விடும். விருதுநகர், சிவகாசி என்றால் திருமங்கலம் தாண்டிக் கப்பலூரில் ரிங் ரோடு. தேனி, உசிலம்பட்டிக்காரர்கள் செக்கானூரணியில் திருமங்கலம் சாலைக்குத் திரும்பிக் கப்பலூர் வந்தால் பழங்காநத்தம் நெரிசலைப் பார்க்கவே வேண்டாம். தேனியிலிருந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். அந்தக் கணக்கில் தேனி – தி.நகர் விமானத்தில் ஆறேகால் மணி நேரம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாள்களில் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. ஆற்றுக்கு வடக்கே, அண்ணா நகர், கோரிப்பாளையம், செல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொண்டு ரிங் ரோட்டைச் சுற்றியே போய்விடுங்கள்.

எல்லாருக்கும் மதுரைதான் பக்கம் என்றும் சொல்ல முடியாது. கோவில்பட்டிக்காரருக்கு வாகைக்குளம் மதுரையைவிடப் பக்கம். காரைக்குடி மதுரைக்கும் திருச்சிக்கும் சரிபாதியில் இருக்கிறது, அங்கிருப்பவர்கள் இரண்டிலும் கட்டணத்தையும் நேரத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், வெளிநாடு போவதென்றால் திருச்சியில் விமானங்கள் அதிகம். ஆனால் சென்னைக்கு மட்டும் என்றால் காரைக்குடிக்காரர் ஏன் விமானம் ஏறுகிறார், பல்லவன் ரயில் வீட்டுப் பக்கத்திலிருந்தே கிளம்புகிறதே.

சென்னையைவிடப் பக்கத்தில் இருக்கும் ஊர்கள்

மேப்பில் அளந்தால் மதுரையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 374 கி.மீ., சென்னையைவிடக் குறைவு. கொழும்பு அதையும்விடக் குறைவு, 354 கி.மீ.தான். ஆனால் இரண்டுமே சென்னையைவிட அதிக நேரம் பிடிக்கும்.

பெங்களூருவில் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் பாதிப்பேர் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக் சிட்டி ஊருக்குத் தெற்கே. விமானம் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி வடக்கே போய் இறக்கிவிடும், நீங்கள் பெங்களூரு டிராஃபிக்கில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் திரும்பித் தெற்கே வர வேண்டும். ராத்திரி மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் ஏறினால் ஓசூர் தாண்டியதும் விடியற்காலையில் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறக்கிவிடுகிறான். ஹெப்பால், யலஹங்கா பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் விமானம் கட்டுப்படி ஆகும். 2024 ஆகஸ்ட் முதல் பெங்களூரு கன்டோன்மென்டுக்கு வந்தே பாரத்தும் ஓடுகிறது, பகலில் போக முடியும் என்றால் அதையும் பாருங்கள்.

கொழும்பு வெளிநாடு. மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், பாஸ்போர்ட், விசா, குடிவரவு வரிசை, சுங்கம், அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி வரிசை. பறப்பது ஒரு மணி நேரத்துக்குள், மற்றதெல்லாம் தரையில்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், தூரம் கூடக் கூட விமானம் லாபம். ஹைதராபாத் 819 கி.மீ., மும்பை சுமார் 1,170, டெல்லி சுமார் 2,075. ஆகிற அலைச்சல் நேரம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரயில் நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வெளிநாட்டு டிக்கெட்டில் நேரத்தைக் கழித்து ஏமாறாதீர்கள்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மதுரையில் காலை 11 மணிக்குக் கிளம்பிய விமானம் துபாயில் பகல் 1.30-க்கு என்று போட்டிருந்தால் இரண்டரை மணி நேரப் பயணம் இல்லை, நான்கு மணி நேரம். தூரம் 2,950 கி.மீ. பக்கம், 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டினாலும் நான்கு மணியைச் சுற்றித்தான் வரும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அங்கே போகும்போது பயணம் இருப்பதைவிட நீளமாகத் தெரியும், திரும்பும்போது குறைவாகத் தெரியும். கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்லை, நம்ம நேரமே.

சென்னையில் மாறிப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் மதுரை விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்துக்காரருக்குப் பொறுப்பு இல்லை, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். அப்படித்தான் எடுத்தாக வேண்டும் என்றால் வெளிநாட்டு விமானத்துக்கு நடுவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

முந்தின நாள் பார்க்க வேண்டியவை

மார்கழி, தை அதிகாலைகளில் பனிமூட்டத்தையும் பாருங்கள். போகி அன்றைக்குக் காலையில் சென்னை விமானம் எடுக்காமல் இருப்பது நல்லது. 2018 போகியில் புகையும் பனியும் சேர்ந்து ரன்வே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி இருந்தால் டிக்கெட்டை மாற்றும் வசதியை முன்பே பார்த்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள்.

போனிலேயே சீட்டைப் பதிந்து போர்டிங் பாஸ் எடுக்கும் வெப் செக்-இன்னை முடித்து வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்லி நிறுத்துவார்கள். உள்நாட்டில் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ, அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்கையும் சேர்த்து வீட்டிலேயே எடை பாருங்கள். காலை விமானத்தில் சென்னை போகும்போது வெயில் வலது பக்கம் அடிக்கும், இடது பக்கம் எடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் நேரம் ஐந்து பத்து நிமிடம் வித்தியாசமாக இருந்தால் குழம்ப வேண்டாம், சென்னையில் கிளம்புவதற்கு வரிசை நீளம், அதையும் சேர்த்துப் போடுவார்கள். இரவு கடைசி விமானத்தில் மதுரை இறங்கிப் போடி, கம்பம் போக வேண்டியவர்கள் டாக்சியை முன்பே பேசி வையுங்கள், இல்லையென்றால் ஆரப்பாளையம் வரை ஆட்டோவில் போய் அங்கே பஸ் பிடிக்க வேண்டும், தாமதமான நாளில் அந்த பஸ்ஸும் உங்களுக்காகக் காத்திருக்காது.